"நானே செய்வேன்": அன்றாட வேலைகளின் வழியே குழந்தைக்குத் தற்சார்பு பழக்குதல்

இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகளின் பேச்சில் "நானே" என்ற சொல் திடீரென்று பெருகிவிடும். கரண்டியை நானே பிடிப்பேன், செருப்பை நானே மாட்டுவேன், கதவை நானே திறப்பேன் என்று ஒரு நாளில் பல முறை அது ஒலிக்கும். அவசரத்தில் இருக்கும் பெரியவர்களுக்கு இது பிடிவாதமாகத் தெரிவதில் வியப்பில்லை. வேலையைக் குழந்தையின் கையிலிருந்து வாங்கி, நொடிப்பொழுதில் முடித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஆனால் தன் உடலின் மீதும் தன்னைச் சுற்றியுள்ள பொருள்களின் மீதும் தனக்கு ஆளுமை உண்டு என்பதைக் குழந்தை முதன்முதலாகச் சோதித்துப் பார்க்கும் பருவம் இதுதான். இந்தப் பருவத்தில் கிடைக்கும் வாய்ப்புகளையும் கிடைக்காமல் போகும் வாய்ப்புகளையும் பொறுத்தே, பின்னாளில் ஒரு புதிய வேலையைக் கண்டதும் அது முன்வருமா, தயங்கி நிற்குமா என்பது பெருமளவில் அமைகிறது.

வயதுக்கு ஏற்ற அளவில் தன் உடலையும் உடைமைகளையும் தான் புழங்கும் இடத்தையும் தானே கவனித்துக்கொள்வதையே இங்கே தற்சார்பு என்கிறோம். இதில் இரண்டு பகுதிகள் உண்டு: ஒன்று, கை பழகிய திறமை, மற்றொன்று, "என்னால் முடியும்" என்ற நம்பிக்கை. திறமை இருந்தும் நம்பிக்கை இல்லாத குழந்தை, சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது வந்து மாட்டிவிடுவார்கள் என்று காத்திருக்கும். நம்பிக்கை இருந்தும் திறமை பழகாத குழந்தை, முயன்று முயன்று தோற்று அழுது முடிக்கும். இரண்டையும் சேர்த்து வளர்ப்பதற்கு, தினமும் தவறாமல் வந்துபோகும் சின்னச் சின்ன வேலைகளைவிடப் பொருத்தமான பயிற்சிக்களம் வேறில்லை.

குழந்தையைத் தனியே விட்டுவிடுவதைத் தற்சார்பு பழக்குவதாகச் சிலர் எண்ணிக்கொள்வதுண்டு. "தட்டுத்தடுமாறித் தானே கற்றுக்கொள்ளும்" என்று ஒதுங்கிவிடுவது, எல்லாவற்றையும் நாமே செய்து முடிப்பதைப் போலவே கற்பித்தலைக் கைவிடுவதுதான். நான் இங்கே சொல்லவருவது, இவ்விரண்டுக்கும் நடுவே பெரியவருக்கு நிறைய வேலை இருக்கிறது என்பதையே. இடத்தை ஒழுங்கு செய்வது, வேலையைப் படிகளாகப் பிரிப்பது, நிதானமாகச் செய்துகாட்டுவது, அதன்பின் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பது என அந்த வேலை நீளும். இவற்றுள் மிகக் கடினமானது கடைசியில் உள்ளதே.

ஏன் அன்றாட வேலைகள்?

விளையாட்டுப் பொருள்களிலும் குழந்தைகள் கற்கிறார்கள், அதில் ஐயமில்லை. எனினும் ஒரு பொம்மைக்குப் பொத்தான் போடுவதற்கும் தன் சட்டைக்கே பொத்தான் போடுவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. இரண்டாவதில் ஓர் உண்மையான தேவை இருக்கிறது. வேலை முடிந்ததும் அதன் பயன் கண்ணுக்குத் தெரிகிறது. நாளைக்கும் அதே வேலை, அதே நேரத்தில், யாரும் ஏற்பாடு செய்யாமலேயே மீண்டும் வருகிறது. கை கழுவுவதும், உடை மாற்றுவதும், சிந்தியதைத் துடைப்பதும், தட்டை எடுத்து வைப்பதும் தொடக்கம், நடு, முடிவு என்ற ஒழுங்குள்ள செயல்கள். அவற்றைச் செய்யும்போது, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை நினைவில் வைக்கவும், இடையில் கவனம் சிதறினால் திரும்பி வரவும், கையின் வேகத்தையும் அழுத்தத்தையும் கட்டுப்படுத்தவும் குழந்தை பழகுகிறது. பிற்காலத்தில் பென்சில் பிடிப்பதற்கு வேண்டிய விரல் வலிமையும்கூட இந்த வேலைகளின் போக்கிலேயே சேர்ந்துகொள்கிறது.

உதவ வேண்டும் என்ற விருப்பத்தை நாம் புதிதாக ஊட்டவேண்டியதில்லை. பெலிக்ஸ் வார்னிக்கன், மைக்கேல் டோமசெல்லோ ஆகிய இரு உளவியல் ஆய்வாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், 18 மாதக் குழந்தைகளின் முன்னிலையில் ஒரு பெரியவர் கைதவறியதுபோல் ஒரு பொருளைக் கீழே போட்டுவிட்டு அதை எட்ட முடியாமல் தவித்தார். இரு கைகளிலும் சுமையோடு வந்து, மூடியிருந்த அலமாரியின் முன் தடுமாறி நின்றார். அவர் வாய்விட்டு உதவி கேட்கவில்லை. பரிசு எதுவும் காட்டவில்லை. ஆயினும் அந்தக் குழந்தைகளில் பெரும்பாலானோர் ஏதோ ஒரு சூழலிலாவது தாமாகவே முன்வந்து உதவினர். பேச்சே இன்னும் முழுதாக வராத வயதில் இந்த விருப்பம் இருக்கிறது. பத்து வயதில் வீட்டு வேலை செய்யமாட்டேன் என்று முகம் திருப்பும் பிள்ளையைப் பார்த்து வருந்தும் பெற்றோர், அந்தப் பிள்ளை இரண்டு வயதில் துடைப்பத்தைக் கேட்டு அழுததையும், தொந்தரவு செய்யாதே என்று சொல்லி அதை வாங்கி வைத்ததையும் மறந்துவிடுகிறார்கள்.

மனித வளர்ச்சிப் படிநிலைகளை வகுத்த எரிக் எரிக்சன், ஏறத்தாழ ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயது வரையிலான காலத்தின் மையப் போராட்டத்தைத் தன்னாட்சிக்கும் வெட்கம் கலந்த ஐயத்துக்கும் இடையிலானதாக விவரித்தார். இந்தக் கருத்தை 1950-ல் அவர் முன்வைத்தார். தானாகச் செய்ய முயலும்போது இடம் கிடைக்கும் குழந்தைக்குத் தன்மீது நம்பிக்கை வேரூன்றுகிறது. ஒவ்வொரு முயற்சியும் தடுக்கப்பட்டாலோ கேலிக்குள்ளானாலோ தன் திறமையைப் பற்றிய ஐயம் வேரூன்றுகிறது. பெரியவர்கள் அன்பாகச் சொல்லும் "நீ சின்னப் பிள்ளை, உனக்கு வராது" என்ற வார்த்தைகூட, நாள்தோறும் கேட்டால் குழந்தை தன்னைப் பற்றிக் கொள்ளும் முடிவாகவே மாறிவிடும்.

ஒரு மருத்துவர் கண்டது

வீட்டு வேலையையே பாடமாக்கிய முறையை உலகறியச் செய்தவர் இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி. 1907 ஜனவரி 6 அன்று, ரோம் நகரில் ஏழைத் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்த சான் லோரன்சோ பகுதியில் அவர் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். பெற்றோர் வேலைக்குப் போன பிறகு கவனிக்க ஆளின்றித் திரிந்த, பள்ளி வயதை எட்டாத சிறுவர் சிறுமியரே அங்கு வந்தவர்கள். அங்கே குழந்தைகளின் உயரத்துக்கேற்ற மேசை நாற்காலிகளும், அவர்கள் கைக்கெட்டும் அலமாரிகளும், அவர்களால் தூக்க முடிந்த சிறு பாத்திரங்களும் இருந்தன. தரையைப் பெருக்குவதும், மேசையைத் துடைப்பதும், கை கழுவுவதும், பொத்தான் போடுவதும், தண்ணீர் ஊற்றுவதும் அங்கே முறையான பயிற்சிகளாயின.

அவர் பதிவுசெய்த ஒரு நிகழ்வு எனக்கு இந்த முறையின் முழுப் பொருளையும் விளங்கவைத்தது. ஒரு நாள், கைக்குட்டையை எப்படிப் பிரிப்பது, ஓசையின்றி எப்படி மூக்கைச் சிந்துவது என்பதை அவர் குழந்தைகளுக்கு மிக நிதானமாகச் செய்துகாட்டினார். சிரிப்பார்கள் என்று நினைத்திருக்கலாம்; ஆனால் குழந்தைகள் கவனமாகப் பார்த்துவிட்டு, முடிந்ததும் கைதட்டினார்கள். மூக்கு ஒழுகுவதற்காக எப்போதும் திட்டு வாங்கியவர்கள் அவர்கள். அதை எப்படிச் சரிசெய்வது என்று மரியாதையோடு கற்றுக்கொடுக்க ஒருவர்கூட அதுவரை முன்வந்ததில்லை. நம் வீடுகளிலும் இதே நிலையைக் காணலாம். "சட்டையை ஒழுங்காகப் போடு", "கையை நன்றாகக் கழுவு", "இடத்தைச் சுத்தமாக வை" என்று சொல்கிறோம். ஒழுங்காக, நன்றாக, சுத்தமாக என்பவை கையளவில் என்னென்ன அசைவுகள் என்பதைச் செய்துகாட்டுவதில்லை.

இடம் முதலில், பாடம் பிறகு

பல வேலைகள் குழந்தைக்கு முடியாமற்போவது அதன் திறமைக் குறைவால் அன்று, பொருள்கள் பெரியவர்களின் அளவில் இருப்பதால்தான். துண்டு மாட்டும் கொக்கி எட்டாத உயரத்தில் இருந்தால், ஒவ்வொரு முறையும் யாரையாவது அழைத்தாகவேண்டும். அதே கொக்கியைக் குழந்தையின் தோள் உயரத்தில் அடித்துவைத்தால், ஒரு வார்த்தையும் பேசாமல் ஒரு வேலை குழந்தைக்குக் கைமாறிவிடுகிறது. கைகழுவும் தொட்டியின் முன் வழுக்காத உறுதியான ஸ்டூல், கீழ்த்தட்டில் இரண்டு மூன்று உடைகள் மட்டும், கதவோரத்தில் செருப்பு வைக்க ஓர் இடம், சமையலறையில் கைக்கெட்டும் தட்டில் குழந்தைக்கென ஒரு தம்ளர், சிந்தினால் துடைக்க எப்போதும் அதே இடத்தில் தொங்கும் ஒரு சிறு துணி. இவ்வளவே பெரும்பாலும் போதும். புதிதாக வாங்கவேண்டியது மிகக் குறைவு. பொருள்களைக் கூட்டுவதைவிடக் குறைப்பதே நல்லது. ஐம்பது பொம்மைகளை அடுக்கிவைக்கச் சொன்னால் பெரியவருக்கே மலைப்பாக இருக்கும். ஐந்து பொம்மைகளும் ஒரு கூடையும் என்றால் மூன்று வயதுக் குழந்தை முடித்துவிடும்.

உடைகளைத் தேர்ந்தெடுப்பதிலும் இதே சிந்தனை வேண்டும். இடுப்பில் எலாஸ்டிக் உள்ள கால்சட்டை, கழுத்து அகலமான சட்டை, ஒட்டுப்பட்டை வைத்த ஷூ ஆகியவை தொடக்கத்தில் குழந்தைக்குத் தோழமையானவை. பார்க்க அழகாக இருந்தாலும், பின்புறம் கொக்கி வைத்த உடை, தானே உடுத்தும் வாய்ப்பை முற்றாகப் பறித்துவிடுகிறது.

ஒரு பொத்தானுக்குள் எத்தனை படிகள்

பழகிய கைக்குப் பொத்தான் போடுவது ஒரே செயல். பழகாத கைக்கு அது ஐந்தாறு செயல்கள். ஒரு கையின் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பொத்தானின் விளிம்பைப் பற்றவேண்டும். மறு கையால் துளையுள்ள துணியின் ஓரத்தைப் பிடித்துத் துளையைச் சற்று விரிக்கவேண்டும். பொத்தானைச் சாய்த்து அதன் விளிம்பைத் துளைக்குள் நுழைக்கவேண்டும். பாதி நுழைந்ததும், துணியைப் பிடித்திருந்த விரல்கள் மறுபக்கம் எட்டிப்பார்க்கும் பொத்தானைப் பற்றவேண்டும். அதே நொடியில் மற்றக் கை பொத்தானை விட்டுவிட்டுத் துணியின் ஓரத்துக்கு மாறவேண்டும். கடைசியாக, ஒரு கை பொத்தானை இழுக்க, மறு கை துணியை எதிர்த்திசையில் இழுக்க வேண்டும். குழந்தை பெரும்பாலும் சிக்கிக்கொள்வது இரண்டு கைகளும் வேலையை மாற்றிக்கொள்ளும் அந்த நடுக்கட்டத்தில்தான். பொத்தான் பாதி நுழைந்து நிற்கும். பிடியை மாற்றுவதற்குள் நழுவிப் பின்வாங்கிவிடும். இதைக் கவனிக்காத பெரியவர் "தள்ளு, தள்ளு" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். தள்ளுவதில் குழந்தைக்குச் சிக்கலே இல்லை. எப்போது விடுவது, எப்போது பற்றுவது என்பதுதான் அதற்குப் பிடிபடவில்லை.

ஆகவே, கடைசிப் படியிலிருந்து தொடங்குவது நல்லது. பொத்தானைப் பாதியளவு நாம் நுழைத்துவிட்டு, இழுப்பதை மட்டும் குழந்தையிடம் விடவேண்டும். இழுத்ததும் பொத்தான் பூட்டிக்கொள்ளும்; வேலையை முடித்தது குழந்தையின் கையாக இருக்கும். அது எளிதானபின், நாம் விளிம்பை மட்டும் நுழைத்துக்கொடுக்கலாம். பிறகு துளையை மட்டும் விரித்துப் பிடிக்கலாம். பிறகு ஒன்றும் செய்யாமல் அருகில் இருக்கலாம். முதற்படியிலிருந்து கற்பித்தால் ஒவ்வொரு முறையும் குழந்தை நடுவில் தோற்று, வேலையை நாம் முடித்துவைப்பதில் போய் முடியும். கடைசியிலிருந்து கற்பித்தால் ஒவ்வொரு முயற்சியும் வெற்றியில் முடியும். சிறப்புக் கல்வி ஆசிரியர்களும், அன்றாடச் செயல்களைச் செய்யப் பயிற்சி தரும் தொழிற்சிகிச்சையாளர்களும் நெடுங்காலமாகக் கையாளும் இந்தப் பின்னோக்கிய முறை, ஜிப் இழுப்பதற்கும், காலுறை மாட்டுவதற்கும், போர்வை மடிப்பதற்கும் அப்படியே பொருந்தும்.

இன்னும் சில நுணுக்கங்கள் உண்டு. கழுத்தருகே உள்ள பொத்தான் குழந்தையின் கண்ணுக்கே தெரியாது; எனவே கீழே உள்ள பொத்தானில் தொடங்கி மேலே போகவேண்டும். உடலில் அணிந்த சட்டையைவிட மேசைமேல் விரித்த சட்டையில் பழகுவது எளிது. அதனால்தான் மாண்டிசோரி பள்ளிகளில், துணி பொருத்திய மரச்சட்டங்களில் பொத்தானும் கொக்கியும் முடிச்சும் தனித்தனியே பழக்கப்படுகின்றன. பெரிய தட்டையான பொத்தானும் சற்றுத் தளர்ந்த துளையும் முதலில், சிறியவை பிறகு. செய்துகாட்டும்போது எதிரே அமராமல் பக்கத்தில் அமரவேண்டும். எதிரே அமர்ந்தால் இடம் வலம் மாறித் தெரியும். கை பேசும்போது வாய் பேசாமல் இருப்பது நல்லது; விரலைப் பார்ப்பதா, முகத்தைப் பார்த்துக் கேட்பதா என்று சின்னக் குழந்தை தடுமாறும். முதலில் மௌனமாக, நாம் வழக்கமாகச் செய்வதைவிடப் பலமடங்கு மெதுவாக ஒரு முறை செய்துகாட்டிவிட்டு, சொல்ல வேண்டியது ஏதேனும் இருந்தால் பிறகு சொல்லலாம்.

குழந்தையின் கை தாமதிப்பதற்கு உடலளவிலும் காரணம் உண்டு. நம் மணிக்கட்டில் உள்ள எட்டுச் சிறு எலும்புகளும் பிறக்கும்போது குருத்தெலும்பாகவே இருக்கின்றன. அவை ஒவ்வொன்றாக எலும்பாகிக் கடைசி எலும்பு உருவாகப் பத்து வயதை ஒட்டிய காலம் ஆகிறது. நரம்புகளும் தசைகளும் அதைப் போலவே படிப்படியாக முதிர்கின்றன. எனவே, சிறு குழந்தையின் தடுமாற்றத்தைச் சோம்பலாகவோ கவனக்குறைவாகவோ படிப்பது அநியாயம்.

காத்திருத்தல்

முன்பே சொன்னதுபோல், பெரியவர் கற்கவேண்டிய கடினமான பாடம் இது. குழந்தை ஷூவுக்குள் காலை நுழைக்கத் திணறும்போது நம் கை தானாக நீளும். அந்தக் கையைப் பின்னிழுத்து, மனத்துக்குள் மெல்லப் பத்து வரை எண்ணிப்பார்க்கலாம். பல நேரங்களில், எண்ணி முடிப்பதற்குள் குழந்தையே ஒரு வழியைக் கண்டுபிடித்துவிடும். கண்டுபிடிக்காவிட்டாலும், அது உண்மையில் எங்கே சிக்கியிருக்கிறது என்பது நமக்குத் தெரிந்துவிடும்.

அப்போதும் உதவியைச் சிறிது சிறிதாகவே தரவேண்டும். முதலில் ஒரு கேள்வி: "நாக்குப் பகுதி உள்ளே மடிந்திருக்கிறதா, பார்." அது போதாவிட்டால் விரலால் சுட்டிக்காட்டுதல். அதுவும் போதாவிட்டால் அந்த ஓர் அசைவை மட்டும் செய்துகொடுத்து, மிச்சத்தைக் குழந்தையிடமே விடுதல். 1976-ல் டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் ஆகியோர், மரத்துண்டுகளால் பிரமிடு கட்டும் வேலையை 3 முதல் 5 வயதுக் குழந்தைகளுக்குக் கற்பித்து ஆராய்ந்தபோது, இவ்வகை உதவியைக் கட்டடம் எழும்போது சுற்றிலும் நிறுத்தும் சாரத்துக்கு ஒப்பிட்டனர். கட்டடம் தன் காலில் நிற்கத் தொடங்கியதும் சாரம் கழற்றப்படும். ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகோட்ஸ்கியும் இதற்குப் பல ஆண்டுகள் முன்பே, குழந்தை தனியாகச் செய்யக்கூடியதற்கும் துணையோடு செய்யக்கூடியதற்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் கற்றல் நிகழ்கிறது என்று விளக்கியிருந்தார். ஒரு வேலை அந்த இடைவெளிக்குள் விழுகிறதா என்று அறிய எளிய வழி, சிறிய உதவி கிடைத்ததும் குழந்தை மேலே தொடர்கிறதா என்று பார்ப்பதே. பெரிய உதவி கிடைத்தும் தொடரமுடியவில்லை என்றால் அந்த வேலைக்கு இன்னும் காலம் வரவில்லை. சில வாரங்கள் கழித்து மீண்டும் எடுத்துக்கொள்ளலாம்.

நாம் இடையில் புகுந்து முடித்துவிடுவதால் வேலை விரைவாக முடிகிறது என்பது உண்மை. அதன் விலை என்ன என்பதை 2021-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டுகிறது. கடினமான புதிர் ஒன்றோடு 4, 5 வயதுக் குழந்தைகள் போராடிக்கொண்டிருந்தபோது, பெரியவர் அதை வாங்கித் தாமே முடித்துக்கொடுத்தார். அந்தக் குழந்தைகள், அடுத்து வந்த கடினமான வேலையைச் சீக்கிரமே கைவிட்டுவிட்டார்கள். பெரியவரின் கை வரும் என்று குழந்தை கற்றுக்கொண்டால், தன் கை முயலவேண்டிய காரணம் அதற்குத் தெரிவதில்லை.

காத்திருக்க நேரம் வேண்டும் என்பது உண்மைதான். வேலைக்குக் கிளம்பும் காலைப் பரபரப்பில் ஒவ்வொரு பொத்தானுக்கும் காத்திருக்க எந்தப் பெற்றோராலும் முடியாது. முடியாததற்காக யாரும் குற்ற உணர்வு கொள்ளவும் வேண்டாம். புதிய வேலைகளை மாலையிலோ விடுமுறையிலோ பழக்கிவிட்டு, பழகியவற்றை மட்டும் காலையில் எதிர்பார்க்கலாம். உண்மையிலேயே நேரம் இல்லாத நாளில், "இன்றைக்கு அவசரம், நான் உதவுகிறேன், மாலையில் நீயே கழற்று" என்று நேர்மையாகச் சொல்லிவிடுவது, ஒன்றும் சொல்லாமல் கையிலிருந்து பிடுங்குவதைவிட எவ்வளவோ மேல்.

சிந்தும், உடையும், கோணலாகும்

தண்ணீர் ஊற்றக் கற்கும் குழந்தை தண்ணீரைச் சிந்தாமல் கற்க முடியாது. சிறிய கூஜாவில் கால் பங்கு மட்டும் நிரப்பி, விளிம்புள்ள தட்டின்மேல் வைத்து, ஊற்றவேண்டிய அளவுக்குத் தம்ளரில் ஒரு கோடு ஒட்டிக்கொடுத்தால் சிந்துவது வெகுவாகக் குறையும். மீறிச் சிந்தினால், துணியைக் கொண்டுவந்து ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் துடைத்துப் பிழிவதும் அதே பாடத்தின் தொடர்ச்சிதான். துடைப்பதைத் தண்டனையாக ஆக்கிவிடக் கூடாது. குரலை உயர்த்தாமல், "தண்ணீர் கீழே போய்விட்டது, துணி அங்கே இருக்கிறது" என்று சொன்னால் போதும். தவறு செய்தால் அதைச் சரிசெய்யவும் தன்னிடமே வழி இருக்கிறது என்று அறிந்த குழந்தை, தவறுக்கு அஞ்சி ஒதுங்குவதில்லை. தவறை மறைப்பதும் இல்லை.

இதில் பெரியவர்கள் நன்மனத்தோடு செய்யும் ஒரு காரியம் ஆழமாகப் புண்படுத்துகிறது. குழந்தை மடித்துவைத்த துணியைப் பிரித்து, அதன் கண்ணெதிரே மீண்டும் நேர்த்தியாக மடிக்கிறோம். அது துடைத்த மேசையை உடனே மறுபடி துடைக்கிறோம். "நீ செய்தது கணக்கில் இல்லை" என்பதைச் சொற்களைவிட வலுவாகச் சொல்லிவிடுகிறது அந்தச் செயல். கோணலான மடிப்பு கோணலாகவே அலமாரியில் இருக்கட்டும். சுகாதாரத்துக்காக மறுபடி செய்தே ஆகவேண்டிய வேலை என்றால், குழந்தை அங்கிருந்து நகர்ந்தபின் செய்யலாம். அல்லது "உன் முறை முடிந்தது, இப்போது என் முறை" என்று முதலிலிருந்தே இருவர் வேலையாக வைத்துக்கொள்ளலாம். பல் துலக்குவதற்கு இந்த இரண்டாவது வழி மிகப் பொருத்தம். ஏழு வயது வரையாவது பெரியவரின் மேற்பார்வையோடுதான் பற்கள் துலக்கப்பட வேண்டும் என்பதே பல் மருத்துவர்களின் பொதுவான அறிவுரை.

எந்த வயதில் எது

வயதுப் பட்டியல்களைக் கண்டிப்பான விதிகளாகக் கொள்ளக் கூடாது. ஒரே வீட்டில் பிறந்த இரு குழந்தைகளே வேறுபடுவார்கள். ஒரு பொதுவான வரிசை மட்டும் உண்டு. கழற்றுவது மாட்டுவதற்கு முன்பே வரும். ஒன்றரை வயதிலிருந்து இரண்டு வயதுக்குள் பல குழந்தைகள் காலுறையை இழுத்துக் கழற்றுவார்கள். சொன்ன பொருளை எடுத்துவந்து தருவார்கள். குப்பையைக் கூடையில் போடுவார்கள். இரண்டிலிருந்து மூன்று வயதுக்குள் எலாஸ்டிக் கால்சட்டையைத் தானே இறக்கி ஏற்றவும், பொம்மைகளைக் கூடையில் சேர்க்கவும், செடிக்குத் தண்ணீர் விடவும் பழகலாம். மூன்று, நான்கு வயதில் பெரிய பொத்தான், நாம் கோத்துக்கொடுத்த ஜிப், சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவுதல், சாப்பிட்ட தட்டை எடுத்து வைத்தல் ஆகியவை கைவரும். ஐந்து, ஆறு வயதில் தன் பையைத் தானே எடுத்து வைக்கவும், படுக்கையைச் சீராக்கவும், பட்டியலைப் பார்த்துக் காலை வேலைகளை முடிக்கவும் இயலும். ஷூ லேஸ் முடிச்சுப் பலருக்கு ஆறு, ஏழு வயதில்தான் சரியாக அமைகிறது. அதற்காக அவசரப்படுத்துவதில் பயனில்லை.

இந்த வேலைகளில் ஆண் குழந்தைக்கு ஒன்று, பெண் குழந்தைக்கு ஒன்று என்று பிரிப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. பெருக்கவும் துடைக்கவும் துணி மடிக்கவும் தெரியாமல் வளரும் ஆண், வாழ்நாள் முழுவதும் இன்னொருவரின் உழைப்பைச் சார்ந்திருப்பார். அதற்கான அடித்தளம் மூன்று வயதிலேயே இடப்படுகிறது.

வளர்ச்சியில் தாமதமோ உடல், புலன் குறைபாடோ உள்ள குழந்தைகளுக்கு இந்தப் பயிற்சி இன்னும் கூடுதலாகவே பயன்படும். படிகளை மேலும் நுணுக்கமாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் நீண்ட காலம் நிற்கவேண்டியிருக்கும். முன்பு நன்றாகச் செய்த வேலைகளைக் குழந்தை முற்றிலும் இழந்துவிட்டதாகத் தோன்றினால், அல்லது ஒரே வயதினர் செய்யும் பெரும்பாலானவை கைவராமல் இருந்தால், குழந்தை நல மருத்துவரிடம் காட்டுவது அவசியம்.

பாராட்டும் பரிசும்

தட்டை எடுத்து வைத்தால் மிட்டாய், படுக்கையை மடித்தால் ஸ்டிக்கர் என்று பரிசு பேசுவது விரைவில் பலன் தரும்; அந்தப் பலன் நிலைப்பதில்லை. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர் 1973-ல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், வண்ணப் பேனாவால் வரைவதை ஏற்கெனவே விரும்பிய மழலைப் பள்ளிக் குழந்தைகளில் ஒரு குழுவினருக்கு, வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொல்லப்பட்டது. பின்னர்ப் பரிசு இல்லாத சூழலில், அந்தக் குழுவினர் மற்றவர்களைவிடக் குறைந்த நேரமே வரைந்தனர். வார்னிக்கனும் டோமசெல்லோவும் 2008-ல் 20 மாதக் குழந்தைகளிடம் இதையொத்த ஒன்றைக் கண்டனர்: உதவியதற்குப் பொருள் பரிசு பெற்ற குழந்தைகள், பின்னர் உதவுவது குறைந்தது, வாய்ச்சொல்லால் மட்டும் பாராட்டப்பட்டவர்களிடம் அந்தக் குறைவு ஏற்படவில்லை.

வாய்ச்சொல்லிலும் கண்டதைச் சொல்வதே சிறந்தது. "கெட்டிக்காரி" என்பதைவிட, "பொத்தான் இரண்டு முறை நழுவியும் விடாமல் போட்டாயே" என்பது குழந்தைக்கு அதிகம் சொல்கிறது. "நீ தட்டை எடுத்து வைத்ததால் மேசை சீக்கிரம் காலியாகிவிட்டது" என்றால், தன் வேலையால் வீட்டுக்கு என்ன நடந்தது என்பது அதற்குத் தெரிகிறது. சில வேளைகளில் எதுவும் சொல்லாமல் இருப்பதே மேல்; தான் முடித்ததைத் தானே பார்த்து நிற்கும் குழந்தையின் அந்த நிறைவை நம் கைதட்டல் கலைத்துவிடக்கூடும்.

எதை ஒப்படைக்கக் கூடாது

தற்சார்பு என்ற பெயரில் ஆபத்தான எதையும் குழந்தையின் பொறுப்பில் விடமுடியாது. நெருப்பு, கொதிக்கும் நீர், மின்கருவிகள், மருந்துகள், துப்புரவு இரசாயனங்கள், சாலை ஆகியவை பெரியவரின் பொறுப்பு. சில சென்டிமீட்டர் ஆழமுள்ள தண்ணீரிலேயே சிறு குழந்தை மூழ்கிவிடக்கூடும். ஆகவே குளியலறையிலும் வாளியருகிலும் குழந்தையைத் தனியே விடுவது கூடாது. குளிக்கும்போது தன் உடலைத் தானே சோப்பிட்டுக் கழுவப் பழகுவது வேறு, தனியே குளிப்பது வேறு. முன்னதைச் சிறு வயதிலேயே தொடங்கலாம். தன் உடலைத் தானே கவனிக்கத் தெரிந்த குழந்தைக்கு, அனுமதியின்றித் தன்னை யாரும் தொடக்கூடாது என்பதையும் எளிதாகப் புரியவைக்கலாம்.

ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி இருக்காது என்பதையும் எதிர்பார்த்திருக்க வேண்டும். காய்ச்சல் வந்தபோதும், தம்பியோ தங்கையோ பிறந்தபோதும், புதிய பள்ளியில் சேர்ந்தபோதும், நேற்று வரை தானே உடுத்திய குழந்தை "நீயே மாட்டிவிடு" என்று கையை நீட்டும். அப்போது மாட்டிவிடுவதால் பழகியது பாழாகிவிடாது. அந்த நேரத்தில் அது கேட்பது சட்டையை அன்று, நம்முடைய அருகாமையை. ஒரு கையை நாம் மாட்டிவிட்டு மறு கையைக் குழந்தையிடம் விட்டால், அருகாமையும் கிடைக்கும், பழக்கமும் அறுபடாமல் இருக்கும்.

தொடங்க நினைப்பவர்கள் ஒரே ஒரு வேலையை மட்டும் தேர்ந்தெடுக்கவேண்டும். குழந்தை தானாகவே கைவைக்க முந்துகிற வேலையாக அது இருந்தால் பாதிச் சுமை குறைந்துவிடும். தாத்தா, பாட்டி, குழந்தையைப் பார்த்துக்கொள்பவர், மழலைப் பள்ளி ஆசிரியர் என அதனோடு பொழுதைக் கழிக்கும் எல்லோரும் அந்த ஒரு வேலையில் ஒரே மாதிரி நடந்துகொள்ளும்படி முன்பே பேசிவைத்துக்கொள்வது நல்லது. ஓரிடத்தில் காத்திருந்து இன்னோரிடத்தில் பிடுங்கினால், குழந்தை காத்திருப்பவரிடம்தான் அழும். யாரும் நினைவூட்டாமலே அந்த வேலையைக் குழந்தை பெரும்பாலான நாள்களில் செய்யத் தொடங்கியபின், அடுத்த வேலைக்குப் போகலாம்.